மும்பைச் சமையலறையில் பிரெட் பெட்டிக்கு என்ன வேலை?

செம்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் சில மாதங்களாக வீட்டுக்கு வீடு பிரெட் பெட்டி வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. மூங்கிலில் செய்து சுருள் கதவு வைத்த பெட்டி, வெள்ளை எனாமல் பூசி மரமூடி போட்ட பெட்டி, பின்பக்கம் பொடித் துளைகள் இட்ட எவர்சில்வர் பெட்டி என்று இணையக் கடைகளில் இவற்றுக்குக் குறைவில்லை. பார்வைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. வார இறுதிகளில் நானே வீட்டில் பிரெட் சுடுகிறவள் என்பதால், வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இதில் வைத்தால் பிரெட் எத்தனை நாள் தாங்கும்? எந்த மாதம், எந்த பிரெட் என்று நான் திருப்பிக் கேட்பது அவர்களுக்குச் சற்று எரிச்சலூட்டுகிறது என்பது தெரியும். ஆனால் அதைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. இந்த ஊரில் டிசம்பரில் பயன்படும் பெட்டி ஜூலையில் வெறும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது. ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கெட்டுப்போயிற்று என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் விஷயத்துக்குள் இரண்டு தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. மெத்தென்றிருந்த பிரெட் விறைத்துப் போவது ஒன்று. பூசணம் பூப்பது மற்றொன்று. முதலாவதைத் தடுக்கச் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் இரண்டாவதை வளர்த்துவிடும் என்பதுதான் சிக்கல். காற்றுப் புகாமல் இறுக மூடினால் பிரெட் காயாது, ஆனால் பூசணம் முந்திக்கொள்ளும். திறந்து வைத்தால் பூசணம் தயங்கும், பிரெட் கட்டையாகிவிடும். பிரெட் பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். எந்தச் சமரசமும் இரு தரப்பும் ஓரளவு அடங்கியிருக்கும்போதுதான் செல்லும்.

விறைப்பது என்றால் ஈரம் காய்ந்துபோவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசங்கோ 1852ஆம் ஆண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஈரம் வெளியேற முடியாதபடி அடைத்து வைத்த பிரெட்டும் விறைத்தது. விறைத்ததைச் சூடாக்கியபோது, புதிதாக நீர் எதுவும் சேர்க்காமலேயே அது மறுபடி மென்மையாயிற்று. காரணம் மாவுச்சத்து. அடுப்பின் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பிக் குழைந்த கோதுமை மாவுச்சத்து, ஆறத் தொடங்கிய நேரத்திலிருந்தே தன் மூலக்கூறுகளை மீண்டும் வரிசைப்படுத்திக்கொண்டு இறுகுகிறது. இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறு காலையில் பருக்கை பருக்கையாக விறைத்து நிற்பதும், அதையே ஆவியில் வைத்தால் இளகிக்கொடுப்பதும் இதே செயல்தான். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் இந்த இறுக்கம் பெருமளவு தளர்கிறது. ஆறினால் மறுபடி இறுகுகிறது.

இந்த இறுக்கம் எந்த வெப்பநிலையில் மிக வேகமாக நடக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கும் குளிரில்தான் அது மிக வேகமாக நடக்கிறது. உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய நின்றே விடுகிறது. மும்பைச் சமையலறையின் 30 டிகிரியிலோ நிதானமாகத்தான் நகர்கிறது. ஆகவே விறைப்பைப் பொறுத்தவரை நம் ஊர் வெப்பம் பிரெட்டுக்குச் சாதகம். பூசணத்தைப் பொறுத்தவரை அதே வெப்பம்தான் எமன்.

பெட்டியால் வெப்பநிலையை ஒன்றும் செய்ய முடியாது. அதன் வேலையெல்லாம் ஈரத்தோடுதான். சுட்டு ஆறிய பிரெட்டின் உட்பகுதியில் எடைக்கணக்கில் 35 முதல் 40 விழுக்காடு வரை நீர் இருக்கிறது. மேலோட்டில் அதைவிட மிகக் குறைவு. ஆதலால் உள்ளே இருக்கும் ஈரம் ஓயாமல் மேலோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. மேலோட்டைத் தாண்டி அது வெளியேற வழியிருந்தால் மேலோடு மொறுமொறுப்பாகவே இருக்கும், உட்பகுதி மட்டும் சிறிது சிறிதாகக் காய்ந்துவரும். வழியே இல்லாவிட்டால் ஈரம் மேற்புறத்திலேயே தங்கி அதைச் சவசவவென்று ஆக்கிவிடும். சுற்றியுள்ள காற்றும் முழு ஈரத்தை நெருங்கிவிடும். நல்ல பிரெட் பெட்டியின் மூடி இறுகப் பொருந்தாமல் இருப்பதற்கும், பின்பக்கத்தில் துளைகள் இருப்பதற்கும் இதுதான் காரணம். உள்ளே சேரும் ஈரத்தில் ஒரு பங்கை வெளியே விட்டு, ஒரு பங்கைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுவதும் வெளிக்காற்று உலர்ந்திருக்கிறது என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். சூடாக்கிய அறையின் காற்று மிகவும் வறண்டிருக்கும். அத்தகைய சமையலறையில் மேடைமேல் வைத்த பிரெட்டை மறுநாளே காய்ந்த கட்டையாகாமல் காப்பதற்கு இந்தப் பெட்டி மிகப் பொருத்தமான கருவி. தில்லியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலும் ஏப்ரல், மே மாதங்களில் அது நன்றாகவே உழைக்கிறது. அனல்காற்று வீசும் அந்த வறட்சியில் வெளியே வைத்த பிரெட் துண்டு மதியத்துக்குள் ரஸ்க் ஆகிவிடும் என்று அவர் சொல்வதில் மிகையில்லை.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த அனுமானம் பலிக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இந்த நகரத்தில் ஏறக்குறைய அத்தனையும் இந்த நான்கு மாதங்களில்தான் கொட்டித் தீர்க்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கிறது. உப்பு ஜாடியில் நீர் கோத்து, அப்பளம் நமுத்து, துவைத்துப் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும் காலத்தில், பெட்டியின் துளை வழியாக ஈரம் வெளியேறும் என்று எப்படி எதிர்பார்ப்பது? வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே வராமல் இருந்தாலே பெரிது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய நிலைமை வேறு. இரவில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கி, பகலில் காற்றும் ஓரளவு உலர்ந்திருக்கும் அந்த மாதங்களில் பெட்டி தன் வேலையைச் செய்கிறது. மார்ச் முதல் மே வரையும், மழை ஓய்ந்த அக்டோபரிலும் இரண்டுங்கெட்டான் நிலை. அப்போது பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க நான் துணிவதில்லை.

மாதத்தை விட்டு பிரெட்டின் வகைக்கு வருகிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் வாங்குவது பாலித்தீன் உறையில் வரும் துண்டு போட்ட பிரெட்டைத்தான். அதை உறையோடு பெட்டிக்குள் வைப்பதால் எறும்பு வராது என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. உறையே ஒரு பெட்டி. உறையைப் பிரித்துத் துண்டுகளை மட்டும் எடுத்து அடுக்கினாலோ அவை இன்னும் சீக்கிரம் காயும், ஏனெனில் துண்டு போட்டதுமே காற்றுப் படும் பரப்பு பல மடங்காகிவிடுகிறது. 1928ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சில்லிகோத்தி நகரில் ஓட்டோ ரோவெடர் என்பவர் வடிவமைத்த இயந்திரத்தால் துண்டு போட்ட பிரெட் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. அதற்கு முன்பு அவர் அணுகிய பேக்கரிக்காரர்கள், துண்டுகள் காய்ந்துவிடுமே என்றுதான் தயங்கினார்கள். ஆகவே வெட்டியதும் உடனே உறையிட்டுவிடும் ஏற்பாட்டையும் அவர் சேர்க்க வேண்டியிருந்தது. உறை வந்த அன்றே பெட்டியின் பாதி வேலை போய்விட்டது என்று சொல்லலாம்.

நம் நாட்டில் 1965இல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தின் பிரெட் மெழுகுத்தாளில் சுற்றி வந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தாளை ஒருமுறை பிரித்துவிட்டால் திரும்ப ஒழுங்காக மூட முடியாது. ஆகையால் எங்கள் வீட்டில் மீதிப் பிரெட்டைத் தாளோடு சேர்த்து ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, மூடியை அழுத்தாமல் சும்மா மேலே கவிழ்த்துவிடுவார்கள். பிரெட் பெட்டி என்ற பெயரே தெரியாமல் பிரெட் பெட்டியைப் பயன்படுத்திய குடும்பங்கள் அந்நாளில் எத்தனையோ இருந்திருக்கும்.

உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 282 என்றிருந்தால் அது கால்சியம் புரோபியோனேட். பூசணத்தைத் தள்ளிப்போடும் பாதுகாப்பான். 471 என்றிருந்தால் அது மாவுச்சத்து இறுகுவதைத் தாமதப்படுத்தும் கொழுப்புவகைப் பொருள். இரண்டும் சேர்த்த பிரெட் உறையைத் திறக்காதவரை அச்சிட்ட தேதிக்கு முன் பெரும்பாலும் ஏமாற்றாது. திறந்த பிறகு, அதுவும் மழைக்காலத்தில், அந்தத் தேதியை நான் பொருட்படுத்துவதில்லை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பொட்டாசியம் புரோமேட்டையும் இழுத்துவந்து குழப்புவதுண்டு. அது மாவை வலுப்படுத்தப் போட்ட பொருள். பிரெட்டைக் கெடாமல் காக்கப் போட்டதல்ல. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதத்தில் பிரெட் மாதிரிகளில் அதைக் கண்டறிந்து வெளியிட்ட பிறகு, அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

மும்பையின் மெத்தென்ற சிறு பன் வகையான பாவ் தனிச் சாதி. விடியற்காலையில் சைக்கிளின் பின்னால் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு வரும் பாவ்வாலாவிடம் வாங்கும் லாதியில், அதாவது ஒன்றோடொன்று ஒட்டியபடி சேர்த்துச் சுட்ட பாவ் தொகுப்பில், மைதா, நீர், உப்பு, ஈஸ்ட் தவிர அதிகமாக எதுவும் சேர்வதில்லை. கொழுப்பும் சர்க்கரையும் குறைவாக இருப்பதால் காலையில் பஞ்சாக இருப்பது மாலையில் இறுகத் தொடங்கிவிடும். மும்பைக்காரர்கள் இதற்காகப் பெட்டி எதையும் தேடிப் போகவில்லை; காலையிலும் பிற்பகலிலும் சுடும் பேக்கரிகளைத் தெருவுக்குத் தெரு வளர்த்துக்கொண்டார்கள். வீட்டில் சேர்த்து வைக்காமல் வேளைக்கு வேளை வாங்குவது என்ற இந்த ஏற்பாடு எந்தப் பெட்டியைவிடவும் புத்திசாலித்தனமானது என்பது என் கருத்து. முலுண்டில் இருக்கும் என் சித்தி இன்றும் மாலை நான்கு மணிக்கு மேல்தான் பாவ் வாங்குவார். காலையில் வாங்கியதைப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது, "பக்கத்துத் தெருவிலே சூடா சுட்டுக் குடுக்கிறான், அதுக்கு நீ எதுக்கும்மா பொட்டியிலே போட்டுக் காவல் காக்கறே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மீந்துபோன பாவை வைக்க வேண்டி வந்தால் கவனிக்க வேண்டியவை இரண்டு. லாதியைத் தனித்தனிப் பாவாகப் பிய்க்காமல் அப்படியே வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பக்கங்களில் மேலோடு கிடையாது, பிய்த்ததும் அங்கிருந்துதான் முதலில் காயும். அடுத்தது, செய்தித்தாளில் சுற்றி வந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் அதை அகற்றிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2018இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு செய்தித்தாளில் சுற்றித் தருவது தொடர்கிறது. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 இறுதியிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. துணிப்பை கொண்டுபோனால் இரண்டு தொல்லையும் இல்லை. வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகாத ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மறுநாள் காலை வரை பாவ் பழுதில்லாமல் இருக்கும்.

புருன் பாவ், கடக் பாவ் போன்ற கெட்டி மேலோட்டு வகைகள்தான் பிரெட் பெட்டிக்கு உண்மையில் ஏற்றவை. மரீன் லைன்ஸ் பக்கம் 1904ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் கயானி போன்ற இரானிக் கடைகளில் வெண்ணெய் தடவித் தேநீரோடு தருகிற புருன் பாவின் சிறப்பே, கடித்தால் நொறுங்கி உதிரும் அந்த மேலோடுதான். அதைப் பாலித்தீன் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்தில் மேலோடு தளர்ந்து, புருன் தன் பெயரை இழந்துவிடும். காகிதப் பையில் கொண்டுவந்து, குளிர் மாதங்களில் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை அந்த நொறுநொறுப்பில் ஒரு பங்காவது மிஞ்சும். பாந்திராவில் இப்போது பெருகிவரும் புளித்த மாவு பிரெட்டுக்கும் இது பொருந்தும். அதில் புளிப்பு இருப்பதால் பூசணம் சற்றுத் தாமதமாகவே வரும் என்பது கூடுதல் வசதி. பாதி வெட்டிய பிரெட்டைப் பெட்டிக்குள் வெட்டுமுகம் தரையில் படும்படி நிறுத்தி வைக்க வேண்டும். ஈரம் போகும் பெரிய வாசல் அதுதான்.

இரானி பேக்கரியில் பிரெட்டோடு சேர்த்து வாங்கிவரும் காரி என்ற அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட், டோஸ்ட், நான்கட்டாய் இவற்றை மறந்தும் பிரெட் பெட்டியில் வைக்கக் கூடாது. அவை உலர்ந்த பண்டங்கள். பிரெட்டிலிருந்து வரும் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் நமுத்துவிடும். அவற்றுக்கு வேண்டியது காற்றே புகாத டப்பா. இணையக் கடைகளில் பிரெட், பிஸ்கட், கேக் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி என்று விளம்பரம் செய்வதைப் பார்க்கும்போது, அதை எழுதியவர் மழைக்கால மும்பையில் ஒரு காரியையாவது தின்று பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

பூசணத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. அடுப்பின் சூட்டில் பூசணத்தின் வித்துகள் இறந்துவிடுகின்றன. ஆறும்போதும், வெட்டும்போதும், பொதியும்போதும் காற்றிலிருந்தும் கத்தியிலிருந்தும் கையிலிருந்தும் புதிதாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. கறுப்பாகப் பூப்பது பெரும்பாலும் ரைசோபஸ், பச்சையும் நீலமுமாகப் பூப்பது பெனிசிலியம். செம்மஞ்சள் நிறத்தில் பொடிபோலப் பரவும் நியூரோஸ்போராவும் உண்டு. பேக்கரிகளுக்குத் தலைவலியான இதைத்தான் அமெரிக்க அறிவியலாளர்கள் பீடிலும் டாட்டமும் 1941இல் மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்தி, பின்னர் 1958இல் நோபல் பரிசு பெற்றார்கள். எந்த நிறமாக இருந்தாலும் நாம் கண்ணால் காண்பது வித்துகள் முதிர்ந்த மேற்பகுதியை மட்டுமே. அதன் இழைகள் மென்மையான பிரெட்டுக்குள் ஏற்கெனவே வெகுதூரம் ஊடுருவியிருக்கும். ஆகவே பூத்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை டோஸ்ட் செய்வது சிக்கனம் ஆகாது. அந்தத் துண்டோடு ஒட்டியிருந்தவற்றையும் சேர்த்துக் கழித்துவிட வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம். வித்துகள் மூச்சோடு உள்ளே போகும்.

பூசணம் அல்லாத இன்னொரு கேடும் நம் ஊர் வெப்பத்தில் வருகிறது. வீட்டில் சுடுகிறவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற சில நுண்ணுயிரிகளின் வித்துகள் மாவிலேயே இருக்கும். பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாததால் அவை அடுப்பில் சாவதில்லை. வெதுவெதுப்பான, ஈரமான சூழலில் ஓரிரு நாளில் அவை பெருகி உட்பகுதியைக் கசகசவென்று ஆக்கிவிடும். பிட்டால் ஊசின சாம்பார்போல நூல் விடும். அழுகத் தொடங்கிய அன்னாசிப்பழத்தின் இனிப்பு வாடை வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் சூது. மாவில் சிறிது வினிகர் சேர்ப்பதும், புளித்த மாவில் சுடுவதும், சூடு முழுவதும் ஆறிய பிறகே மூடி வைப்பதும் இதைத் தடுக்கும். சூடான பிரெட்டைப் பெட்டியில் வைத்து மூடினால் ஆவி மூடியில் நீராகக் கோத்துச் சொட்டும். பூசணத்துக்கும் இந்த நூலுக்கும் அதைவிடத் தோதான இடம் கிடையாது. என் வீட்டில் சுட்ட பிரெட்டைக் கம்பித் தட்டின்மேல் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆறவிட்ட பிறகுதான் பெட்டியின் மூடியைத் திறப்பேன். ஒருமுறை நூல் விட்ட பிரெட் இருந்த பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும்.

பெட்டி எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. மூங்கிலும் மரமும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றைச் சீராக வைக்கும் என்கிறார்கள். உலர்ந்த ஊர்களில் உண்மையாக இருக்கலாம். இங்கே மழைக்காலத்தில் பெட்டியே பூசணம் பூக்கும், சுருள் கதவின் சட்டங்கள் ஊதிப்போய்த் திறக்க மறுக்கும், அவற்றின் இடுக்குகளில் சேரும் துணுக்குகளைச் சுத்தம் செய்வது ஒரு தண்டனை. எனாமல் அழகானது. ஆனால் எங்காவது தட்டிச் சில்லு பெயர்ந்துவிட்டால் கடற்காற்றில் அந்த இடம் துருப்பிடிக்கும். பீங்கானும் மண்ணும் நல்லவையே என்றாலும் இவ்வளவு சிறிய சமையல் மேடையில் அத்தனை கனத்தை யார் தூக்கித் தூக்கிக் கழுவுவது? எவர்சில்வர்தான் இந்த ஊருக்கு ஒத்துவருகிறது. பிரெட் பெட்டி என்று பெயரிட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. புலேஷ்வர் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் பெரிய சம்படம் ஒன்றை வாங்கி, மேற்புறத்தில் ஓரமாகச் சில துளைகள் இட்டுத் தரச் சொன்னால் போதும். பெட்டி பிரெட்டைவிட மிகப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. காலி இடம் அதிகமானால் அதை ஈரமாக்க பிரெட் தன் ஈரத்தை இழக்க வேண்டியிருக்கும்.

துளைகள் எறும்பு நுழையாத அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். மும்பை அடுக்ககங்களில் பெட்டியின் உண்மையான பயன் கரப்பானிடமிருந்தும் எறும்பிடமிருந்தும் காப்பதுதான் என்று யாராவது வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கம்பிவலை அடித்த மர அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்பார்கள். காற்று போகும், எறும்பு ஏறாது. பிரெட்டுக்கு அதைவிடச் சிறந்த இடம் எதுவும் இருந்திருக்க முடியாது. இன்றைய சமையலறையில் அதற்கு இடமில்லை என்பதுதான் குறை.

சரி, மழைக்காலத்தில் என்ன செய்வது? குளிர்சாதனப் பெட்டியில் பிரெட்டை வைக்கவே கூடாது என்று அயல்நாட்டுச் சமையல் குறிப்புகள் அடித்துச் சொல்கின்றன. அந்த அறிவுரை 20 டிகிரிச் சமையலறைக்கு எழுதப்பட்டது. ஜூலை மாதச் செம்பூரில், வெளியே வைத்த பிரெட் இரண்டாம் மூன்றாம் நாளே பூத்துவிடும் நிலையில், விறைத்தாலும் பரவாயில்லை என்று உள்ளே வைப்பதுதான் விவேகம். எப்படியும் டோஸ்ட் செய்யப்போகும் பிரெட் என்றால் விறைப்பு ஒரு பொருட்டே அல்ல, தோசைக்கல்லின் சூட்டில் மாவுச்சத்து மறுபடி இளகிவிடும். அப்படியே சாண்ட்விச் செய்து தின்ன வேண்டுமென்றால்தான் குறை தெரியும்.

அதைவிட நல்லது உறைபெட்டி. வாங்கிய அன்றே, இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதித் துண்டுகளை ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இடையிடையே வெண்ணெய்த் தாள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றிய உறையில் போட்டு உறைபெட்டியில் வைக்க வேண்டும். எடுத்ததும் உறைந்த துண்டையே நேராக டோஸ்டரிலோ கல்லிலோ போடலாம், முதலில் வெளியே வைத்து இளகவிடத் தேவையில்லை. பட்டாணிப் பொட்டலங்களும் ஐஸ்கிரீமும் அடைத்துக்கொண்டிருக்கும் சிறிய உறைபெட்டியில் பிரெட்டுக்கும் இடம் ஒதுக்குவது வீட்டுக்கு வீடு ஒரு பேச்சுவார்த்தை என்பது எனக்கும் தெரியும். கடைசியில் என் வீட்டில் விட்டுக்கொடுத்தது பட்டாணி.

பாவையும் லாதியாகவே உறையவைக்கலாம். அதை மீட்பதற்கு நுண்ணலை அடுப்பைவிட நம் இட்லிப் பானை நல்லது. நுண்ணலையில் ஒரு நொடி கூடினாலும் ரப்பராகிவிடும். இட்லித் தட்டின்மேல் ஈரமில்லாத துணியை விரித்து, உறைந்த பாவை அதன்மேல் வைத்து, நீர் நன்றாகக் கொதித்த பிறகு மூடிச் சில நிமிடம் ஆவி காட்டினால், உட்பகுதி வரை சூடேறிப் பஞ்சாக எழும்பிவிடும். அதன் பிறகு குறுக்கே வெட்டி, வெண்ணெய் போட்ட கல்லில் வெட்டுமுகத்தை ஒரு புரட்டுப் புரட்டிக்கொள்ளலாம். இப்படி ஒருமுறை இளகியது ஆறியதும் முன்னைவிட மோசமாக இறுகும். ஆகையால் பாஜி தயாராகி, எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பாவை ஆவியில் ஏற்ற வேண்டும்.